ஆனையிறங்கல் என்றொரு டிஸ்க்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. வயிற்றெரிச்சலில் பிறந்தது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி ஃபஸீலா கொல்லையில் துவைகல் பக்கமாக நின்று போனில் பேசிக்கொண்டே அழுதாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பேசியது அவள் ஆபீஸ் மாரியிடம். "மாரி, மாரி" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. உள்ளே வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "தோசை ஊத்தட்டுங்களா?" என்றாள். "ஊத்து" என்றேன். பதினாறு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன், கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாலு தோசை தின்றுவிட்டுக் கையைக் கழுவினேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஃபஸீலா யாருக்காக அழுதாள்? நேரில் கேட்கலாம். ஆனால் என் வாயை எனக்குத் தெரியும். கேள்வி என்று புறப்படும், சண்டையாகப் போய்ச் சேரும். அதனால்தான் கதை. கதையில் யாருடைய முதுகுக்குப் பின்னால் வேண்டுமானாலும் போய் நின்றுகொள்ளலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். நான் ஃபஸீலாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கப் போகிறேன். அவள் பார்ப்பதைப் பார்ப்பேன். 'அவள்', 'அவள் கணவன்' என்றே எழுதுவேன், மூன்றாம் மனிதர்களைப் போல.

என்னைப் பற்றி: அஷ்ரஃப், முதலமடையில் மாங்காய் மண்டி. சீசன் முடிந்து காலிப் பெட்டிகளை அடுக்கியாயிற்று, கையில் வேலை இல்லை. வேலையில்லாத புருஷன் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்க்கத்தான் போகிறீர்கள்.

2

முதல் ஆரம்பம்:

'சர்வர் அறையின் குளிரில் ஃபஸீலா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் எதிரே மலை மலையாய் இயந்திரங்கள்...'

[அந்த ரூமுக்குள்ள நான் மாசத்துல ஒருக்கா போனா பெருசுங்க. எல்லா வேலையும் என் மேசையில உக்காந்துதான். மலையெல்லாம் இல்ல, நம்மூட்டு பீரோ அளவுதான். — ஃபஸீலா]

சதுர அடைப்புக்குள் இருப்பது என் எழுத்தல்ல. வீட்டு லேப்டாப்பில் இதை எழுதுகிறேன். பூட்டித்தான் வைத்தேன். ஆனால் அந்த லேப்டாப்பை எனக்கு அமைத்துக் கொடுத்ததே அவள்தான், நான் போடுகிற எல்லாப் பூட்டுக்கும் சாவி அவளிடம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து திறந்தால் இப்படி! நேரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் வரவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு எழுதியவள், அதற்குப் பிறகு இப்போதுதான் எழுதியிருக்கிறாள்.

இரண்டாவது ஆரம்பம்:

'கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய கம்பெனியில் ஃபஸீலாவின் வேலை, இடம் உண்டாக்குவது.'

இது தேவலை. இதை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். யுனிக்ஸ் சர்வர்களில் புதிதாக மாட்டிய பெரிய டிஸ்குகள் என் காலிக் கொட்டகை மாதிரி. ஆயிரம் பெட்டி கொள்ளும்தான். ஆனால் வரிசை பிரித்து, பெட்டிக்குச் சீட்டு ஒட்டி வைக்காவிட்டால், இறக்கிய சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது. வரிசையும் சீட்டும் போட்டு டிஸ்கைத் தயார் பண்ணுவதுதான் ஃபைல்சிஸ்டம் உண்டாக்குவது. ஒருநாள் அவளே எனக்கு இதைச் சொன்னாள், நான் கேட்காமலே.

"ஒரு கோப்புக்கு ஒரு சீட்டுங்க. மொத்தம் எத்தனை சீட்டுன்னு டிஸ்க்கை உண்டாக்கறப்பவே சொல்லிரோணும். பெரிய பெரிய வீடியோவா வந்தா கொஞ்சம் போதும். சின்னச் சின்னதா வந்தா நெம்ப வேணும். நாங்க போடற வகையில பொறவு மாத்தவே முடியாது."

"சீட்டு தீர்ந்துட்டா?"

"டிஸ்க் காலியாத்தான் கெடக்கும். ஆனா இடமில்லைன்னு சொல்லும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நம்ம தாலுக்கா ஆபீஸ் மாதிரி இருக்கே என்றேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த சிரிப்பெல்லாம் போனைப் பார்த்துத்தான்.

3

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஃபைல்சிஸ்டம் உண்டாக்குகிறார்களோ அவர்களே அதற்குப் பெயரும் வைக்க வேண்டும். முதல் டிஸ்குக்கு ஃபஸீலா வைத்த பெயர் சேந்தூரா. அடுத்தது காலாப்பாடி. பிறகு பங்கனபள்ளி, கிளிமூக்கு. எல்லாம் என் மண்டியில் இறங்குகிற சரக்கு! கொச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிற வாடிக்கையாளர்கள், "காலாப்பாடி ஸ்லோவாயிருக்கு" என்று மெயில் போடுவார்களாம். கேட்டபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் இதுவரை இல்லாத பெரிய டிஸ்க் வந்தது, இருநூறு டெராபைட். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் ஆனை வருவதைப் பார்க்கக் காட்டோரமாகக் கேமரா வைக்கிறார்கள். கேமரா அனுப்புவதெல்லாம் கஞ்சிக்கோட்டு சர்வருக்கு வந்து இந்த டிஸ்கில் ஏறும். ஏறியதில் ஆனை தெரிந்தால், தொழிலாளர் குடியிருப்பான லயத்து முக்கில் கம்பத்தின் மேல் இருக்கிற விளக்கு சிவப்பாக எரியும். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கால் வைப்பார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

டிஸ்குக்கு என்ன பெயர் என்று ஆவலாகக் கேட்டேன். மல்கோவா என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஆனையிறங்கல்."

"அது என்ன மாங்காய்?"

"மாங்காயில்லைங்க. சின்னக்கானல் பக்கத்துல இருக்கற அணை. மாரி சொன்னான், நல்லா இருந்துச்சு, வெச்சுட்டேன்."

மாம்பழமெல்லாம் போய் ஆனை வந்துவிட்டது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

[வயித்து வலின்னு சொன்னீங்க. சோடா வாங்கிட்டு வந்தேன்.]

4

மாரியை எனக்கு எழுத வரவில்லை.

மாரீஸ்வரன், சின்னக்கானல் எஸ்டேட்டில் பிறந்தவன். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார்கள். கேமரா மாட்டுவதும் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. ஆபீஸ் முழுக்க மலையாளம் பேசுகிற இடத்தில் அவனும் ஃபஸீலாவும் தமிழில் பேசிக்கொள்வார்கள். அதுதான் என் முதல் எரிச்சல். நான் அவளோடு தமிழில் பேசுவதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை, பாருங்கள்.

வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். 'மாரியின் கண்களில் ஒரு கள்ளத்தனம்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் கண்ணில் இருப்பது தூக்கம்தான், விடிவதற்கு முன்னால் மலையிலிருந்து பஸ் பிடிக்கிறவன். 'நுனி நாக்கில் தேன் தடவி' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது என் பங்கனபள்ளியை வெட்டிக் கொடுத்தேன். தோலைக்கூட விடாமல் சப்பிவிட்டு, "அண்ணே, இத்தனை நாளா நாங்க தின்னது மாம்பழமே இல்லண்ணே" என்றான். நான் குளிர்ந்துபோய் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினேன். பஸ் புறப்பட்ட பிறகு அந்தப் பெட்டிக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். இப்படிப்பட்டவனை எப்படி வெறுப்பது? வெறுக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

(இடைக்குறிப்பு: டிஸ்க் உண்டாக்கும்போது நூற்றுக்கு ஐந்து பங்கை அது தானாகவே ஒதுக்கி வைத்துவிடுமாம். மற்ற எல்லாருக்கும் நிரம்பிவிட்டாலும் அந்த மெஷினின் முதலாளி மட்டும் உள்ளே நுழைந்து சரிபண்ண அந்த இடம். கேட்டதும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்படின்னா அந்த அஞ்சு பங்கு என்னுது" என்றேன். "பெரிய டிஸ்க்ல அவ்வளவு இடம் வீணுங்க. பூஜ்ஜியம் ஆக்கிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி ஆய்ந்தாள்.)

[கதையில வெக்கற அளவுக்கு இது ஒரு சங்கதிங்களா?]

ஆமாம், சங்கதிதான்.

5

இனி கதைக்குள் போகிறேன். ஆனையிறங்கல் உண்டான நாள்.

'ஃபஸீலாவின் மேசையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் கவனிக்கவில்லை. டிஸ்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாயிற்று. பெயர் வைத்தாயிற்று. முதலாளியின் பங்கைப் பூஜ்ஜியமாக்கியாயிற்று. கடைசியாகச் சீட்டின் எண்ணிக்கை. அது முடிந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். இவ்வளவு பெரியதை அவள் இதுவரை உண்டாக்கியதில்லை. மேனேஜர் ரிஜின் சார் காலையிலிருந்து இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்சம் பயம், அதைவிட அதிகமாகப் பெருமை.

'மாரி கூப்பிட்டான். பின்னால் காற்றுச் சத்தம். மலை மேல் கேமராக் கம்பத்தடியில் நின்று பேசுகிறான்.

'"அக்கா, எல்லாம் மாட்டியாச்சு. மூடாப்பா இருக்கு, பத்தடி தள்ளி நின்னா கம்பமே தெரிய மாட்டேங்குது. நீங்க எது வரைக்கும் வந்திருக்கிய?"

'"இன்னும் ஒரு வரிதான் மாரி. தட்டிட்டா முடிஞ்சுது."

'"தட்டிராதீங்கக்கா, ஒண்ணு சொல்லணும்னே கூப்பிட்டேன். கேமராவுல இருந்து வர்றது...'

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது. அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. "அவன் என்னமோ சொல்ல வந்தான், அதுக்குள்ள உங்க போன்" என்று அன்றைக்குச் சாயங்காலம் ஃபஸீலா சொன்னாள், அவ்வளவுதான். ஏதாவது இனிப்பாகச் சொல்ல வந்திருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆகவே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

'அவள் கணவனின் அழைப்பு குறுக்கே டிக் டிக்கென்று அடித்தது. எடுக்காவிட்டால் அவன் விட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். முகம் சுளித்தாள்.'

[சுளிக்கல.]

'முகம் சுளிக்காமல், "ஒரு நிமிஷம் மாரி" என்று அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டு இதை எடுத்தாள்.

'"எத்தனை நேரமா அடிக்கிறேன்? யார்கிட்ட பேச்சு?"

'"ஆபீஸ் வேலைங்க."

'"ஆபீஸ்ல யாரு?"

'"மாரிங்க."

'"மாரிகிட்ட அப்படி என்ன விடிய விடியப் பேச்சு?"

'"ஏனுங்க இப்படிப் பேசறீங்க? மத்தியானம் பன்னெண்டு மணிக்கு விடிய விடியவா?"'

இதற்குப் பிறகு நடந்த உரையாடலை நான் எழுதப்போவதில்லை. அதில் கணவன் நன்றாகவே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை வைத்தாள், திரும்பி உட்கார்ந்து கடைசி வரியைத் தட்டினாள். டிஸ்க் உருவாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். அவள் எனக்கு ஒரு லட்டு கொண்டுவந்தாள்.

[ ]

ஒன்றும் எழுதாமல் ஒரு அடைப்புக்குறி மட்டும் போட்டிருக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம்? சனிக்கிழமை காலை முழுக்க இந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை மடிக்கும்போது மட்டும் நின்று ஏதோ யோசித்தாள். கோபமா, வேறு நினைப்பா? கேட்கவில்லை. முடிவுகளுக்குப் போய்விட்டேன்.

6

முதல் முடிவு: மாரிக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. நல்ல சம்பளம், நல்ல பெண், மூன்று பிள்ளைகள். நாங்கள் கல்யாணத்துக்குப் போய் மிக்ஸி கொடுக்கிறோம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கதையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது முடிவு: கணவன் நேரில் கேட்கிறான். "நீ யாருக்காக அழுதாய்?" அவள் சொல்கிறாள். சொன்னது என்ன என்று எழுத உட்கார்ந்தால் என் கை ஓட மறுக்கிறது. எதை எழுதினாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது முடிவு. எழுதிப் பார்க்கிறேன், அடிப்பதாக இருந்தால் பிறகு அடித்துக்கொள்ளலாம். கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

'காலையில் லயத்தில் மூடுபனி. விளக்கு சிவக்கவில்லை. ஆனை வரவில்லை என்று நம்பி மாரி பாதையில் இறங்கி நடக்கிறான். வளைவில் கறுப்பாக ஏதோ நிற்கிறது. பாறை என்று நினைக்கிறான். பாறை காதை ஆட்டுகிறது. மாரி ஓட நினைக்கிறான், ஆனால் கால்கள்

[நிறுத்துங்க.

ஆனை வந்துச்சுங்க. மாரிக்கு இல்ல. அவங்கம்மாவுக்கு.

போன புதன்கிழமை காத்தால. செல்வலட்சுமின்னு பேரு. மஸ்டருக்கு, வேலைக்கு வந்தாச்சுன்னு பேர் குடுக்கப் போறப்ப விளக்கைப் பாத்துட்டுத்தான் போவாங்களாம். சிவக்கல. அதனால தைரியமாப் போயிருக்காங்க. நீங்க எழுதின மாதிரியேதான், வளைவுல நின்னுருக்கு. ஓடி, தண்ணி போற கானுக்குள்ள விழுந்து இடுப்பெலும்பு போச்சு. ஆனை தாண்டிப் போயிருச்சு. உசுரு இருக்கு. இனி நடப்பாங்களான்னு டாக்டராலயே சொல்ல முடியல.

விளக்கு ஏன் சிவக்கலைன்னு பாத்தா, டிஸ்க்குல புதுசா ஒண்ணுமே ஏறல. இடமில்லைன்னு நிக்குது. நூத்துல ஒரு பங்குகூட நெறையல. சீட்டு தீர்ந்துருச்சு. கேமரான்னா வீடியோதான்னு நெனச்சு, சீட்டைக் கம்மியா வெச்சது நான்.

மேல நீங்க பாதியில விட்ட வரி இருக்குதில்லைங்க, அதை நான் முடிக்கறேன். "கேமராவுல இருந்து வர்றது வீடியோ இல்லக்கா, படம். நொடிக்கு நொடி சின்னச் சின்னப் படம்." அவன் சொல்ல வந்தது இதுதான். இனிப்பு ஒண்ணுமில்ல.

திருப்பிக் கூப்புட்டுக் கேட்டிருக்கோணும். உங்ககூடப் பேசி வெச்சப்ப நீங்க சொன்னதுதான் காதுல ஓடிட்டு இருந்துச்சு. மறந்து போச்சு. மறந்தது என் தப்புதான், அதை ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். யாரு போன் வந்து மறந்தேன்னு யார்கிட்டயும் சொல்லல. மாரிக்கும் தெரியாது. வியாழக்கிழமை அவன், "நீங்க அழாதீங்கக்கா, நானாச்சும் மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்லா" அப்படீன்னான். அவங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க, அவன் எனக்கு ஆறுதல் சொல்றான். அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

உங்ககிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். தாங்க மாட்டீங்கன்னு. நீங்கதான் கதை எழுதறீங்களே.]

7

இன்று ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாவது முடிவை அடிக்கவில்லை. அடித்தால் அவள் எழுதியது தொங்கிக்கொண்டு நிற்கும்.

காலையில் அவள் கஞ்சிக்கோட்டுக்குக் கிளம்பினாள். டிஸ்கில் இருந்ததையெல்லாம் ஏற்கனவே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனையிறங்கலை அழித்து, இன்றைக்குப் புதிதாக உண்டாக்க வேண்டும். அது வரைக்கும் லயத்தில் ஆள் நிறுத்திக் காவல் பார்க்கிறார்கள். இந்தத் தடவை எண்ணிக்கை தப்பினால் விளக்கு மறுபடியும் ஏமாற்றும், ஃபஸீலாவின் வேலையும் போகும். மாரியும் மலையிலிருந்து இறங்கி வருகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறான், அவள் கேட்டுக் கேட்டுத் தட்டப்போகிறாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "நாலு மணி வரைக்கும் போன் பண்ணாதீங்க. முடிச்சுட்டு நானே கூப்புடறேன்."

"சரி" என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. போய்விட்டாள்.

இப்போது மணி பன்னிரண்டாகிறது. என் ஃபஸீலா யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும், இல்லையா? நான் மனிதனாக இருந்தால் அடங்கியிருக்கும். அடங்கவில்லையே! செல்வலட்சுமி அம்மா படுத்துக் கிடக்கிறார்கள், காலையிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அதே நேரத்தில், இந்த நிமிஷம் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. டீ சொல்லியிருப்பார்களா? யார் சொல்லியிருப்பார்கள்?

போன் கையில் இருக்கிறது. கூப்பிடுவதற்கு நல்ல நல்ல காரணங்களெல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்கலாம். இந்தத் தடவையாவது அந்த ஐந்து பங்கை ஒதுக்கி வைக்கிறாயா என்று சும்மா விளையாட்டுக்குக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்கலாம், அதற்குக்கூட நேரம் காலம் பார்க்க வேண்டுமா? மன்னிப்புக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று பள்ளிவாசல் வாசலில் நின்றுகூட சத்தியம் பண்ணுவேன். ஆனால் அவள் எடுத்து "சொல்லுங்க" என்றதும் என் வாயிலிருந்து முதலில் வருவது "பக்கத்துல யாரு?" என்பதாகத்தான் இருக்கும். மாரி அங்கே ஒரு வாக்கியத்தின் நடுவில் இருப்பான்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னால் முடிவு எழுத முடியாது. மேலே இருக்கிற மூன்றையும் மறந்துவிடுங்கள். முடிவு இந்தப் போனில் இருக்கிறது, நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. இந்தாருங்கள், இதை உங்களிடம் கொடுக்கிறேன். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டாலும் தராதீர்கள்.